தம் தெருவைத் தாமே அளந்தவர்கள்

1947-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நாடு பிரிக்கப்பட்டு நான்கு திங்களே ஆகியிருந்த நேரம் அது. எல்லையின் இருபுறமும் மக்கள் இலட்சக்கணக்கில் இடம் பெயர்ந்துகொண்டிருந்தனர். ஆனால் பாகிஸ்தானில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் வெளியேற விடாமல் தடுக்கப்படுகின்றனர் என்பதே அக்கடிதத்தின் முறையீடு. காரணம் எளியது. அவர்கள் போய்விட்டால் நகரங்களின் மலத்தை அள்ளுவார் யார்? துப்புரவுப் பணி இன்றியமையாப் பணி என்று வகைப்படுத்தப்பட்டு, அப்பணி செய்தோர் இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கப்பட்டனர். அந்நாளில் பாகிஸ்தானின் தலைநகர் கராச்சி. அந்நாட்டின் முதல் சட்ட அமைச்சராக அங்கு வீற்றிருந்த ஜோகேந்திரநாத் மண்டலும் தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்தவர்தாம். அமைச்சர் நாற்காலியில் நம்மவர் ஒருவர். அந்நகரின் கக்கூசு வாயில்களில் நம்மவர் ஆயிரவர். 1950-இல் மண்டல் அவர்கள் மனம் நொந்து பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே கராச்சி நகரில் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய ஒரு முயற்சியின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்படுகிறோம். அயல்நாட்டு ஊர் ஒன்றின் சாக்கடைக் கதை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். இன்று நகர அறிஞர்கள் தாங்குதிறன் என்று ஒரு சொல்லைப் பெரிதும் வழங்குகின்றனர். வெள்ளமோ கொள்ளைநோயோ வந்து மோதும்போது ஒரு நகரம் முற்றும் வீழ்ந்துபடாமல் நின்று மீளும் ஆற்றலை அச்சொல் குறிக்கும். அவ்வாற்றல் எங்கே உறைகிறது? பெரும் பொறியாளர்களின் அலுவலகத்திலா, உலக வங்கியின் கடன் பத்திரத்திலா, அல்லது ஒரு தெருவில் வாழ்கின்ற இருபது குடும்பங்களின் கையிலா? இவ்வினாவுக்கு ஏட்டில் எழுதாமல் மண்ணைத் தோண்டி விடை கண்டவர்கள் கராச்சியின் ஓரங்கிப் பகுதி மக்கள். எழுத்தும் எண்ணும் ஏழைக்கு எதற்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் அறிந்த வரையில் அரிது.

ஓரங்கி கராச்சியின் வடமேற்கில் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்தது. 1960-களின் நடுவில் அங்கே குடியேற்றம் தொடங்கியது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமான பின், அங்கிருந்து ஏதிலியராக வந்த உருது பேசும் மக்கள் பெருந்திரளாக இங்கே குடியேறினர். பட்டாணியர், பஞ்சாபியர், சிந்திகள், இந்தியாவிலிருந்து முன்னமே போந்தவர் எனப் பல இனத்தாரும் சேர்ந்தனர். நிலம் அரசுக்குரியது. அதைத் தரகர்கள் கோடு கிழித்து மனைகளாக்கி ஏழைகளுக்கு விற்றனர். அத்தரகர்களை நாம் புகழ வரவில்லை. எனினும் அவர்கள் கிழித்த கோடுகள் நேராக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தெருக்கள் ஒழுங்காக அமைந்தன. பத்தாயிரம் ஏக்கர் அளவில் ஒரு பெருநகரமே இவ்வாறு எழுந்தது. பட்டயத்தில் இல்லாத ஊராதலின் அரசு அங்கே சாக்கடை அமைக்கவில்லை.

ஆகவே ஓரங்கியில் எடுப்புக் கக்கூசுகளே மிகுதி. துப்புரவாளர் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை வந்து வாளியை எடுத்துப் போவார். எடுத்ததைக் கொட்டுவதற்கும் இடமில்லாமையால் பெரும்பாலும் அது மண் தெருவிலேயே கொட்டப்பட்டது. உறிஞ்சு குழி தோண்டியவர்களும் உண்டு. அக்குழிகள் சில ஆண்டுகளில் நிறைந்து அடைபட்டன. குளித்த நீரும் துவைத்த நீரும் வாசலில் தேங்கி நின்றன. மழை வந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் வரும். வயிற்றுப்போக்கும் குடற்காய்ச்சலும் பிள்ளைகளை வாட்டின. இவை நம் சேரிகள் அறியாத செய்திகள் அல்ல. ஆதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1980-இல் அங்கே வந்து சேர்ந்தவர் அக்தர் ஹமீத் கான். அப்போது அவருக்கு அகவை அறுபத்தாறு. 1914-இல் ஆக்ராவில் பிறந்து, 1936-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தவர் அவர். 1943-இன் வங்கப் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டபின், ஆங்கிலேயரின் அப்பெரும் பதவியை உதறி எறிந்தார். அலிகார் அருகே ஒரு சிற்றூரில் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இரண்டாண்டுகள் உழைத்துப் பார்த்தார். பின்னர் ஆசிரியரானார். கிழக்கு வங்கத்துக் கொமில்லாவில் கல்லூரி முதல்வராக இருந்து, 1959-இல் அங்கே ஊரக வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பேற்று உழவர் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார். 1963-இல் மகசேசே விருது பெற்றார். இத்தகையவரை ஓரங்கிக்கு அழைத்தவர் பி.சி.சி.ஐ. வங்கியின் தலைவர் ஆகா ஹசன் அபேதி. அவ்வங்கி முறைகேடுகளின் பொருட்டு 1991-இல் பல நாடுகளில் மூடப்பட்டது வேறு கதை. பணம் கொடுத்த கை எதுவாயினும், அப்பணத்தில் ஒரு காசைக்கூட ஓரங்கியின் சாக்கடைகளுக்குச் செலவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

கான் முதலில் எதையும் கட்டவில்லை. பல திங்கள் தெருத்தெருவாக நடந்தார், தேநீர்க் கடைகளில் அமர்ந்தார், மக்களிடம் பேசினார். உங்களுக்குப் பெருந்துன்பம் எது என்று கேட்டால், சாக்கடை இல்லாமையே என்று பலரும் கூறினர். அப்படியாயின் நீங்களே கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டால் நான்கு வகையான தடைகள் எழுந்தன. சாக்கடை கட்டுவது அரசின் கடமை, அதுவும் இலவசமாகக் கட்டித் தரவேண்டும் என்னும் எண்ணம் முதல் தடை. கட்டும் செலவைத் தாங்கும் வருவாய் இல்லாமை இரண்டாவது. கட்டும் நுட்பம் தெரியாமை மூன்றாவது. ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரை ஒருவர் நம்பி ஒரு காரியத்தில் இறங்கும் ஏற்பாடு இல்லாமை நான்காவது. பிணியறிந்த மருத்துவரைப் போல் அவர் இந்நான்கையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். ஏழைகள் அறியாமையால் இப்படிக் கிடக்கின்றனர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் கனவான்களிலிருந்து அவர் வேறுபட்ட இடம் இதுவே.

செலவை எடுத்துக்கொள்வோம். அரசு நிறுவனங்களின் மதிப்பீட்டில் ஒரு வீட்டுக்கு ஆகும் தொகை ஏழைத் தொழிலாளியால் நினைத்தும் பார்க்க இயலாதது. அம்மதிப்பீட்டைக் கானும் அவருடன் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆரிப் ஹசனும் பிரித்துப் பார்த்தனர். ஒப்பந்தக்காரரின் ஆதாயம், அலுவலகத்தாருக்குச் சேரும் பங்கு, தேவைக்கு மேற்பட்ட கனத்தில் போடப்படும் வேலை ஆகிய யாவும் அதனுள் ஒளிந்திருந்தன. அவற்றை நீக்கினர். மூடிகளும் வட்டக் குழிகளும் வார்ப்பதற்கு எளிய இரும்பு அச்சுகள் செய்தனர். ஒவ்வொரு வீட்டுக் கக்கூசுக்கும் தெருக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு தொட்டியை வைத்தனர். கெட்டிப்பொருள் அத்தொட்டியில் தங்கிவிட, நீர் மட்டும் குழாயில் ஓடும். அதனால் சிறிய குழாயே போதும். பள்ளமும் ஆழமாகத் தோண்ட வேண்டுவதில்லை. இவ்வாறாக, வீட்டுக் கக்கூசும் தெருக் குழாயும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் முடிந்தன. அரசு மதிப்பீடு அதைப் போலப் பல மடங்கு. மிச்சப்பட்டது எங்கிருந்து வந்தது என்பதை ஒப்பந்த வேலைகளைக் கண்ணுற்ற எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊர் முழுவதையும் ஒன்றுகூட்டிச் சங்கம் அமைக்க அவர் முயலவில்லை. பெரிய சங்கமானால் தலைவர் தோன்றுவார், கட்சி தோன்றும், கணக்கு மறையும். ஆகவே தெருவே அளவு. ஒரு தெருவில் இருபது முதல் நாற்பது வீடுகள் இருக்கும். அத்தெருவார் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, எழுத்து மூலமாகத் தொழில்நுட்ப உதவி கோர வேண்டும். கோரிய பின்னரே திட்டத்தின் ஆட்கள் கருவிகளுடன் வருவார்கள், தெருவை அளப்பார்கள், வரைபடமும் மதிப்பீடும் எழுதிக் கொடுப்பார்கள், அச்சுகளையும் கருவிகளையும் இரவல் தருவார்கள். பணத்தைத் தொடமாட்டார்கள். பணம் திரட்டுவது, சிமெண்டும் ஜல்லியும் வாங்குவது, கொத்தனாரை அமர்த்துவது, பள்ளம் தோண்டுவது யாவும் தெருவாரின் வேலை. தாமே தோண்டியவரும் உண்டு. கூலிக்கு ஆள் வைத்தவரும் உண்டு. கணக்கு அத்தெருவிலேயே பிறந்து அத்தெருவிலேயே முடியும். ஒரு வீட்டார் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று அடுத்த வீட்டார்க்குத் தெரியும். இருபது வீட்டுக் கணக்கில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

1981-இல் முதல் தெருக்களில் வேலை நடந்தது. எல்லாம் செவ்வனே நடந்தேறியதாக எண்ணிவிடலாகாது. கலவையில் சிமெண்டு குறைந்தது. வார்த்த மூடிகளுக்கு உரிய நாட்கள் தண்ணீர் விட்டு ஆற வைக்காமையால் அவை வெடித்தன. மேட்டு வீட்டாருக்கும் பள்ளத்து வீட்டாருக்கும் வழக்கு வந்தது. கானும் அவர் கூட்டத்தாரும் இவற்றை மறைக்கவில்லை. கலவை விகிதம், நீர் விடும் முறை ஆகியவற்றைத் துண்டுத்தாள்களில் அச்சிட்டும், தெருவிலேயே நின்று செய்து காட்டியும் கற்பித்தனர். படித்துவிட்டுத் தொழில் செய்வதன்று, செய்துகொண்டே படிப்பது. கொத்தனார்களுக்கும் அது பள்ளிக்கூடமாயிற்று. ஓரங்கியில் பயின்ற கொத்தனார்கள் வேறு பகுதிகளுக்கும் போய் அவ்வேலையைச் செய்யலாயினர்.

சாக்கடை வேலையின் உயிர் வாட்டத்தில் இருக்கிறது. குழாய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையறாது சரிந்து செல்ல வேண்டும். நடுவில் ஓர் அங்குலம் மேடாயினும் அங்கே மண்டி தங்கும், நாளடைவில் அடைபடும். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் தெரு சமமானதன்று. இத்திட்டம் வருவதற்கு முன்னரும் ஓரங்கியில் சிலர் சொந்தப் பணத்தில் குழாய் பதித்து அருகிலிருந்த ஓடையில் விட்டிருந்தனர். மட்டம் பாராது பதித்தவை பல பயனற்றுப் போயின. உழைப்பு இருந்தது, பணமும் இருந்தது, அளவு இல்லை. நம் வட்டாரத்துச் சேரி ஒன்றிலும் ஒப்பந்த வேலையாகக் கட்டப்பட்ட வடிகால் ஒன்றை நாம் அறிவோம். அதில் நீர் வெளியே போவதற்கு மாறாக உள்ளே வருகிறது. அளந்தவர் படித்தவர்தாம்; ஆனால் அந்த நீரில் நிற்கப் போகிறவர் அவரல்லர்.

பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் உருளையின் கன அளவையும், உயரங்களும் தொலைவுகளும் பற்றிய கணக்குகளையும் நாம் கற்பித்து வருகிறோம். கோபுர உச்சியைப் பார்க்கும் மனிதனும் கலங்கரை விளக்கத்திலிருந்து கப்பலைப் பார்க்கும் மனிதனும் அக்கணக்குகளில் வருகின்றனர். தன் தெருவின் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்கும் மனிதன் வருவதில்லை. ஓரங்கியில் அம்மனிதன் வந்தான். பள்ளியிறுதி வகுப்பு வரை படித்து வேலையின்றித் திரிந்த அப்பகுதி இளைஞர்கள் சிலருக்கு மட்டக் கருவியைப் பிடிக்கவும், அளவுக்கோலைப் படிக்கவும், நாடா பிடித்து அளந்து காகிதத்தில் வரையவும், மதிப்பீடு எழுதவும் கற்பிக்கப்பட்டது. பொறியியற் கல்லூரிகளிலும் கட்டடக் கலைக் கல்லூரியிலும் பயின்ற மாணவர்களும் இவர்களுடன் வந்து சேர்ந்தனர். பட்டம் பெற வேண்டிய மாணவன் பள்ளியிறுதி படித்த பையனிடம் தெருவைக் கற்றுக்கொண்டான். பையன் மாணவனிடம் வரைபடத்தைக் கற்றுக்கொண்டான்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் பர்வீன் ரஹ்மான் என்னும் பெண்மணி. 1957-இல் டாக்காவில் பிறந்தவர். 1971-இன் போருக்குப் பின் குடும்பத்துடன் கராச்சிக்கு வந்து, கட்டடக் கலை பயின்று, 1980-களின் தொடக்கத்தில் ஓரங்கித் திட்டத்தில் சேர்ந்தார். செல்வர் மாளிகைகளுக்கு வரைபடம் வரைந்து வாழ்ந்திருக்கலாம். அவர் சாக்கடைக்கு வரைபடம் வரைந்தார். 1988-இல் திட்டம் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தபோது ஆய்வு, பயிற்சி நிறுவனத்தின் இயக்குநரானார். தெருத்தெருவாக வரைந்தவை ஒன்றுகூடிய காலத்தில், ஓரங்கி முழுவதற்கும் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஓடையில் விழுகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று காட்டும் பெரும்படம் உருவாயிற்று. பின்னர் கராச்சியின் மற்ற குடிசைப் பகுதிகளும் ஓடைகளும் இவ்வாறே வரையப்பட்டன. நகரின் நீர்வழிகளை இத்தனை நுணுக்கமாகக் காட்டும் படம் நகராட்சி அலுவலகங்களிலேயே இருந்ததில்லை.

ஓரங்கியில் ஒரு லட்சத்தை நெருங்கும் வீடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவை காலப்போக்கில் இம்முறையில் பாதாளச் சாக்கடை பெற்றன. பெரும்பணத்தை மக்களே போட்டனர். தெருக்கள் உலர்ந்தன. உலர்ந்த தெருவில் வீட்டின் மதிப்பு உயர்ந்தது. மக்கள் வீடுகளைச் செப்பனிட்டனர். பிள்ளைகள் தெருவில் விளையாடினர். பள்ளிகளும் பெருகின. ஓரங்கியில் அரசுப் பள்ளிகளைவிட அப்பகுதி மக்களே நடத்தும் சிறு தனியார் பள்ளிகள் பன்மடங்கு மிகுதி என்று திட்டத்தார் கணக்கெடுத்துக் கூறினர். அரசுப் பள்ளி ஆசிரியராகிய நமக்கு இச்செய்தி உவப்பானதன்று; அரசு தன் பள்ளியைத் திறவாத இடத்தில் மக்கள் கைகட்டி நிற்கவில்லை என்ற அளவில் அதனை ஏற்றுக்கொள்கிறோம்.

நமக்கு மிக நெருக்கமான செய்தி, எடுப்புக் கக்கூசு ஒழிந்ததே. மலக்கூடை ஒழிய வேண்டும் என்று நம் நாட்டில் 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் மற்றொரு சட்டமும் இயற்றினோம். ஓரங்கியில் அதன் பொருட்டுச் சட்டம் எதுவும் வரவில்லை. கூடைக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஒரு கூர்மையான ஐயம் இங்கே எழும். கூடை போனால் ஆள்நுழைவுக் குழி வருகிறதே, அதில் இறங்கி உயிர் விடுவதும் நம்மவர்தாமே என்பது அவ்வையம். நியாயமான ஐயம். ஓரங்கித் தெருக் குழாய்கள் ஆழம் குறைந்தவை. கெட்டிப்பொருள் வீட்டுத் தொட்டியிலேயே தங்குகிறது. அடைப்பு நேர்ந்தால் மேலிருந்தே கோல் விட்டு நீக்க இயலும். பராமரிப்பும் தெருவாரின் பொறுப்பு. தன் வீட்டுக் கழிவைத் தன் தெருவார் கண்காணிக்கும் ஏற்பாட்டில் ஒரு சாதிக்கென்று வேலை ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் தெருவைத் தாண்டி நகரின் பெருங்குழாய்களுக்குப் போனால் கதை மாறிவிடுகிறது. அங்கே இறங்குகின்றவர்களுள் பெரும்பாலோர் இன்றளவும் தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கப்பட்டுக் கிறித்தவரானவர்களும் வால்மீகி இந்துக்களுமே. துப்புரவுப் பணிக்கு முஸ்லிம் அல்லாதார் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டு நகராட்சிகள் நாளிதழ்களில் வெளிப்படையாக விளம்பரம் செய்து வந்திருக்கின்றன. தீண்டாமைக்கு வேதம் தேவையில்லை என்பதற்கு இது போதும். நம் நாட்டிலும் குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இலும், முப்பது லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் தொகையை வரையறுக்க நேர்ந்திருக்கிறது. தொகை உயர்ந்தது, இறங்குதல் நின்றபாடில்லை.

தெருவோடு தெருவார் வேலை முடிந்துவிடுவதில்லை. தெருக் குழாய் ஒரு கிளைக் குழாயில் சேர வேண்டும், கிளை, பெருங்குழாயில், பெருங்குழாய், சுத்திகரிப்பு நிலையத்தில். கான் இதில் ஒரு பங்கீட்டைக் கூறினார். வீட்டுக்குள்ளும் தெருவிலும் அருகிலுள்ள கிளையிலும் மக்கள் செய்யலாம். பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசு செய்ய வேண்டியவை. அவற்றை எத்தெருவாரும் செய்ய இயலாது. இப்பங்கீட்டில் மக்கள் தம் பங்கை முடித்தனர். அரசின் பங்கு நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாக அரபிக் கடலில் கலந்துவருகிறது. மக்களே எல்லாவற்றையும் செய்துகொள்வார்கள், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று ஓரங்கியைச் சான்று காட்டிப் பேசுவோர் உளர். ஏழை தன் பங்கைக் கொடுத்த பின்னும் செல்வர் பகுதிக்கு மட்டும் அரசு பெருங்குழாய் போடுமாயின் அதற்குத் தன்னுதவி என்று பெயரிட நாம் உடன்படோம். கானும் அப்படிச் சொல்லவில்லை.

தெருவார் வரைந்த படங்களின் மெய்யான வலிமை 1990-களில் வெளிப்பட்டது. கராச்சியின் கோரங்கிப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் ஒரு பெருங்கழிவுநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. மக்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்ட குழாய்களையும் இருக்கின்ற ஓடைகளையும் அத்திட்டம் கணக்கில் எடுக்கவேயில்லை. வெறும் நிலத்தில் புதிதாக எழுதியது போல எழுதியிருந்தது. ஓரங்கி நிறுவனத்தாரும் நகரின் குடிமக்கள் குழுவினரும் வரைபடங்களை மேசை மீது விரித்தனர். உள்ளவற்றைச் செப்பனிட்டு இணைத்தாலே போதும், செலவு மிகக் குறையும் என்று காட்டினர். 1999-இல் சிந்து மாகாண அரசு அக்கடனைக் கைவிட்டது. வளரும் நாடொன்றில் பள்ளியிறுதி படித்த இளைஞர்கள் நாடா பிடித்து வரைந்த காகிதம் பன்னாட்டு வங்கியின் கடனைத் திருப்பி அனுப்பியது சிறு செய்தியன்று. அவ்வாண்டு அக்டோபரில் அக்தர் ஹமீத் கான் எண்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார்.

ஓரங்கியில் மட்கோலைப் பிடித்தது போலவே பம்பாயில் மக்கள் கணக்கெடுப்புத் தாளைப் பிடித்தனர். அங்கே முன்னின்றவர் நம் மொழி பேசியவர். கோலார் தங்கவயலில் பிறந்து, இளமையில் பம்பாய் சென்று, மான்கூர்டு அருகே ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம் அவர். அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த அப்பகுதியை, நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-இல் அரசு இடித்து மக்களைச் சீதா கேம்ப்புக்கு அகற்றியது. 1985 ஜூலையில் நடைபாதை வாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று கூறியது. கூறிவிட்டு, உரிய அறிவிப்புடன் நகராட்சி அவர்களை அகற்றலாம் என்றும் கூறியது. அவ்வாண்டிலேயே ஸ்பார்க் என்னும் அமைப்பு நடைபாதை மக்களுடன் சேர்ந்து அவர்களைக் கணக்கெடுத்து, 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. மறு ஆண்டு பைகுல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்னும் சேமிப்புக் குழுவை அமைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் அதில் இருந்தனர். தாராவியிலும் மக்கள் எடுத்த கணக்கில் அரசு மதிப்பிட்டதைவிட மிகுதியான குடும்பங்கள் வெளிப்பட்டன. 1988-இல் ஆசிய நாடுகளின் இத்தகைய அமைப்புகள் வீட்டுரிமைக்கான கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கியபோது பம்பாய்க்காரரும் கராச்சிக்காரரும் ஒரே அவையில் அமர்ந்தனர். இரு நாடுகளின் அரசுகள் பேசிக்கொள்ளாத காலத்தும் இவ்விரு நகரங்களின் குடிசைகள் பேசிக்கொண்டன. ஜோக்கின் அவர்கள் 2000-இல் மகசேசே விருது பெற்று, 2018 அக்டோபரில் மறைந்தார்கள்.

கணக்கும் படமும் ஏழைக்குத் துணை. அதனாலேயே வேறு சிலருக்குப் பகை. பர்வீன் ரஹ்மான் பிற்காலத்தில் இரண்டு பணிகளை மேற்கொண்டார். நகர் விளிம்பில் இருந்த பழைய சிற்றூர்களை வரைந்து ஆவணப்படுத்தி, அவற்றில் வாழ்வோர் பட்டா பெற வழி செய்தார். கராச்சியின் குடிநீர் பெருங்குழாய்களிலிருந்து எங்கெங்கே திருடப்பட்டு லாரிகளில் விற்கப்படுகிறது என்பதையும் படமாக வரைந்தார். 2013 மார்ச் 13 அன்று ஓரங்கி அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி ஏந்தாத, தேர்தலில் நிற்காத, வரைபடம் மட்டுமே வரைந்த ஒரு பெண்ணை ஏன் கொல்ல வேண்டும் என்று வினவுவோர், நிலமும் நீரும் யார் கையில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் கராச்சியில் வரலாறு காணாத மழை பெய்தது. 27-ஆம் நாளன்று மட்டும் நகரின் சில பகுதிகளில் இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஏழைகளின் தெருக்களுடன் கடற்கரையை ஒட்டிய செல்வர் குடியிருப்புகளும் நாட்கணக்கில் நீரில் நின்றன. ஓடைகள் குப்பையால் அடைபட்டிருந்தன. கடலைச் சேரும் வாய்கள், நிலம் மீட்பதாகச் சொல்லி எழுப்பிய பெருங்கட்டடங்களாலும் சாலைகளாலும் குறுகியிருந்தன. இவையெல்லாம் ஓரங்கி நிறுவனத்தாரும் ஆரிப் ஹசனும் ஆண்டுகள் பலவாகப் படம் காட்டி எழுதிவந்தவை. அரசு எடுத்த முடிவு வேறு. குஜ்ஜர் ஓடை, ஓரங்கி ஓடை, மஹ்மூதாபாத் ஓடை ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்தோரே வெள்ளத்துக்குக் காரணம் என்று, 2021-இல் பொறிகள் கொண்டுவரப்பட்டு ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. குத்தகைப் பட்டா வைத்திருந்தவர் வீடுகளும் தப்பவில்லை. அவ்வாண்டு ஜூனில் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் மனித உரிமை வல்லுநர்கள் இடிப்பை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டனர். கடல்வாயை அடைத்த பெருங்கட்டடங்களின் பக்கம் அப்பொறிகள் போகவில்லை. ஓடைக்கரை மக்கள் தம் வீடுகளின் பட்டாக்களையும் நீர்வரிச் சீட்டுகளையும் ஏந்திக்கொண்டு, தம் சுவருக்கும் ஓடைக்கும் இடையே எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்து, நீதிமன்ற வாயிலில் நின்றனர்.